பாடத்தில் செத்த மாமா

எங்கள் நிறுவனத்தின் வாசலில் ஒரு பெரிய போர்டு இருக்கிறது. 'ஸ்பானிஷ்: நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று சிவப்பில் எழுதி, கீழே பிரின்சிபாலின் படம் போட்டிருக்கும். கோட்டு போட்டுக்கொண்டு, கன்னத்தில் ஒரு விரலை ஊன்றி, எதையோ யோசிப்பதுபோல் இருப்பார். பல வருடமாக அந்த மனிதரைப் பார்க்கிறேன், யோசித்துப் பார்த்ததில்லை. மாணவர்கள் அவரை 'நூத்துக்கு நூறு' என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள். நான் முகத்துக்கு நேராகவே வேறு சில பெயர்கள் சொல்லியிருக்கிறேன், ஆனால் ஸ்பானிஷில். அவருக்குப் புரியவில்லை. ஸ்பானிஷ் நிறுவனத்தின் பிரின்சிபால் என்றால் அப்படித்தான்.

அங்கே பாடம் நடத்துகிறவள் நான். அவர் தேர்ச்சி நடத்துகிறவர். இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வாய்மொழித் தேர்வில் நம் ஆட்கள் எல்லோரும் வரிசையாக வந்து விழுகிற குழி ஒன்று உண்டு. தமிழில் 'நான் பிறந்த வீடு' என்கிறோம், 'நான் வந்த பஸ்' என்கிறோம், 'நான் பேசிய ஆள்' என்கிறோம். வீட்டில் பிறந்தேன், பஸ்ஸில் வந்தேன், ஆளுடன் பேசினேன் என்பதில் உள்ள 'இல்', 'உடன்' எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடுவதில்லை. ஸ்பானிஷ்காரனுக்கு அது ஆகாது. 'லா காசா என் லா கே நாசி' என்பான். 'எந்த வீட்டில் நான் பிறந்தேனோ அந்த வீடு' என்று, அந்த 'இல்'லை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால்தான் மற்றது வரவேண்டும். 'உடன்' என்றால் 'கோன் கியென்', 'க்காக' என்றால் 'பாரா எல் கே'. நம்மவர்கள் இதை விழுங்குவார்கள், மதிப்பெண் போகும். விழுங்காமல் இருக்கப் பழகுவதற்கு ஒரே வழி பேசுவதுதான். பேச வைக்க நேரம் ஆகும், பொறுமை வேண்டும், ஆசிரியைக்குத் தொண்டை வேண்டும்.

பிரின்சிபால் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். இப்படி முன்னால் நிற்கிற சொல் எல்லாம் ஒருமுறையாவது வந்துவிடுகிற மாதிரி ஒரே ஒரு பத்தி எழுத வைத்தார். எழுதிக் கொடுத்தவர் எவரோ, அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும். அதன்படி, எந்த வீட்டில் நான் பிறந்தேனோ அதில் ஒரு எலுமிச்சை மரம் இருந்தது. யாருடன் வளர்ந்தேனோ அந்த மாமா நல்லவர். யாருக்காக வேலை செய்தேனோ அந்த மாமா செத்துவிட்டார். யாருடைய இறுதிச் சடங்குக்குப் போனேனோ அந்த மாமாவை என்னால் மறக்க முடியாது. அவ்வளவுதான் பத்தி. குடும்பத்தைப் பற்றிக் கேட்டாலும் இதுதான், வேலையைப் பற்றிக் கேட்டாலும் இதுதான், பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டாலும் சுற்றி வளைத்து மாமாவின் சடங்குக்கு வந்து சேர வேண்டும்.

"எதுக்கு சார் அந்த மாமாவைக் கொல்றீங்க?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"அதுலதான் மேடம் விஷயமே இருக்கு. செத்தவரைப் பத்தி எவனாவது குறுக்குக் கேள்வி கேப்பானா? 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிடுவான். நம்ம பிள்ளைங்களுக்கு மேற்கொண்டு பேச வராதில்ல?"

சொல்லிவிட்டு, போட்டோவில் இருப்பதுபோல் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டார். பேச வராது என்பதைப் பேச்சுப் பயிற்சி நிறுவனத்தின் தலைவரே இவ்வளவு பெருமையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

சங்கடம் என்னவென்றால், அது வேலை செய்தது. எங்கள் மாணவர்கள் வேறு ஊரில் இருந்த தேர்வு மையத்துக்குப் போய், வேறு வேறு நாளில், வேறு வேறு ஆட்களிடம், கூட்டத்தோடு கூட்டமாக மாமாவைக் கொன்றுவிட்டு வந்தார்கள். எவருக்கும் சந்தேகம் வரவில்லை. பாஸ் ஆனார்கள். போர்டில் பெயின்ட் புதிதாக அடிக்கப்பட்டது.

என் தங்கையும் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். அவள் நர்ஸ். அவள் புருஷன் ஸ்பானிஷ் பேசுகிற நாட்டில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாணமான கையோடு போனவன், வீடியோவில்தான் குடும்பம் நடத்துகிறான். அவன் ஊர் ஆஸ்பத்திரியில் இவளுக்கு வேலை போட்டு வைத்திருந்தார்கள். வாய்மொழித் தேர்வில் பாஸ் ஆனால் அந்த வேலை. ஒருமுறை தள்ளிப்போட்டு ஆயிற்று. இந்தத் தடவையும் தேறாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவளை என் வகுப்பில் உட்காரச் சொன்னேன். கொஞ்ச நாள் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் நான் திருத்துவேன், திருத்தினால் அவள் அழுவாள்.

"அக்கா, உன் வழியில போனா நான் பாஸ் பண்றதுக்குள்ள என் புருஷனுக்குப் பல்லு விழுந்துடும்," என்று சொல்லிவிட்டு, அந்தப் பத்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கூடப் பிறந்தவளே இப்படி என்றால் ஊரான் பிள்ளைகளைச் சொல்லி என்ன பயன்?

வீட்டில் எங்களோடு மாமா இருக்கிறார். அம்மாவின் தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்கள் இருவரையும் ஆளாக்கியவர் அவர்தான். தையல்காரர். முன்னறையில்தான் அவர் மெஷின். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "உங்க ரெண்டு பேருக்கு பாவாடை தைக்கவே நேரம் போச்சு," என்பார். தங்கை அந்த மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு பத்தியை உரக்க மனப்பாடம் செய்வாள். பத்தி எழுதிய தாளைச் சுவரில் குத்தி வைத்ததுகூட மாமாவின் குண்டூசிதான்.

"அடிக்கடி தீயோ தீயோங்கறியே, அப்படின்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டார்.

"மாமான்னு அர்த்தம்."

"அட! அப்ப என்னைப் பத்தியா?" மெஷின் நின்றுவிட்டது. "கடைசியில முரியோன்னு வருதே, அது?"

முரியோ என்றால் செத்துவிட்டார் என்று அர்த்தம். தங்கை என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ரொம்ப நல்லவருன்னு அர்த்தம் மாமா," என்றாள் அந்தப் புண்ணியவதி.

அதிலிருந்து மாமாவைப் பிடிக்க முடியவில்லை. அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "என் மருமக வேற பாஷையில என்னை முரியோன்னு சொல்றா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் பரவாயில்லையே என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் நூத்துக்கு நூறு தானே போய்த் தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். வேறு ஊருக்கு ஏன் போகவேண்டும், தேர்வை நம் கட்டடத்திலேயே நடத்தினால் எவ்வளவு பெருமை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அலைந்தார், விண்ணப்பித்தார், அனுமதி வாங்கிவிட்டார். மாலை போடாத குறையாக அந்தச் செய்தியை எங்களுக்குச் சொன்னார். ஒரே அறை, ஒரே நாள், ஒரே தேர்வாளர், நம் பிள்ளைகள் மட்டும். அத்தனை பேருக்கும் ஒரே மாமா! இது அவருக்கு உறைக்கவேயில்லை.

"சார், எல்லாரும் ஒரே ஆள்கிட்ட ஒரே பத்தியைச் சொல்லுவாங்களே?"

"எல்லார் வீட்லயும் மாமா இருக்கத்தானே மேடம் செய்வாரு?"

"எல்லார் வீட்லயும் செத்திருப்பாரா?"

"நீங்க எப்பவுமே நெகட்டிவாதான் பேசுவீங்க," என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் தோரணம் கட்டச் சொல்லப் போய்விட்டார்.

தங்கையிடமும் சொன்னேன். "இப்ப போய் பயமுறுத்தாதக்கா," என்று காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பத்தியைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று அவளே நம்பிவிட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

தேர்வாளர் ஒரு வயதான அம்மா. கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்பார். நிறுவனத்தின் சார்பில் ஒருவர் அறையின் மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி. முறைப்படி அது பிரின்சிபாலின் வேலை. ஆனால் ஸ்பானிஷ் பேசுகிற ஆள் கண்ணில் பட்டாலே அவருக்கு அவசர வேலை வந்துவிடும். என்னை உட்கார வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

முதலில் வந்தவன் லேப் டெக்னீஷியன். குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். மாமாவைக் கொன்றான். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து, "லோ சியென்தோ முச்சோ," என்றார். மிகவும் வருந்துகிறேன் என்று அர்த்தம். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

அடுத்தவர் ஹோட்டல் சமையல்காரர். வேலையைப் பற்றிக் கேட்டார். அவரும் மாமாவைக் கொன்றார். இப்போது வருத்தம் கொஞ்சம் சுருக்கமாக வந்தது. மூன்றாவதாக வந்த பெண் நிஜமாகவே கண்ணீர் விட்டாள். பெரிய நடிகை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவதாக ஒரு பிசியோதெரபிஸ்ட். விடுமுறையில் என்ன செய்வாய் என்றுதான் கேட்டார். அவன் மூச்சுவிடாமல் எலுமிச்சை மரத்திலிருந்து தொடங்கி, யாருக்காக வேலை செய்தேனோ அந்த மாமா என்றபோது அந்த அம்மாவே, "முரியோ," என்று முடித்து வைத்தார். அவனுக்கு ஒரே சந்தோஷம், நமக்கு வேலை மிச்சம் என்று.

"எந்த வியாதியால் செத்தார்?" என்று கேட்டார்.

அது பத்தியில் இல்லை. அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். பிறகு தெரிந்த பெயர்ச்சொல் ஒன்றை எடுத்து வீசினான்.

"எலுமிச்சை மரம்."

அந்த அம்மா அதை நிதானமாகக் குறித்துக்கொண்டார். பேனாவை மூடினார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். அப்படியே மொத்தத் தேர்வையும் ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நூத்துக்கு நூறுக்கு அது தேவைதான். ஆனால் வெளியே வரிசையில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

வழி காட்ட நானும் கூடப் போனேன். வராந்தா பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். தங்கை எங்கே போனாலும் குடையும் பிஸ்கட் பாக்கெட்டுமாகப் பின்னாலேயே வருகிற ஆள். அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை வேறு. அந்த அம்மாவைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார். ஏதாவது பேசவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தெரிந்ததைப் பேசினார். வரிசையில் நின்ற தங்கையைக் கைகாட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, "தீயோ!" என்றார்.

அந்த அம்மா நின்றுவிட்டார்.

மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னொரு முறை நெஞ்சைத் தட்டி, வாயெல்லாம் பல்லாக, "தீயோ! முரியோ!" என்றார்.

மாமா நான்தான், செத்துவிட்டேன் என்று ஒரு மனிதர் இவ்வளவு பெருமையாகச் சொல்லி அந்த அம்மா வாழ்க்கையில் கேட்டிருக்க மாட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவும் சேர்ந்து சிரித்து, பிஸ்கட்டை நீட்டினார். அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார். தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை.

டீ முடிந்ததும் அவளைத்தான் கூப்பிட்டார். அவள் உட்கார்ந்தாள்.  கதவில் இருந்த கண்ணாடி வழியாக வராந்தா பெஞ்சு தெரிந்தது.

"உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்," என்றார்.

"எல் தீயோ பாரா எல் கே..." என்று ஆரம்பித்தாள். யாருக்காக வேலை செய்தேனோ அந்த மாமா. அதற்குமேல் வரவில்லை. மனப்பாடம் மறந்துபோய் அல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சட்டையில் விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"செத்துவிட்டாரா?" என்று அந்த அம்மா கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை. இந்த இடத்தில் பொய் சொன்னால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் அவளுக்குப் பேச வேறு எதுவும் தெரியாதே என்றும் பயம். வாயை மூடிக்கொண்டு உட்காரும் விதியை எழுதினவனை அன்றைக்குச் சபித்தேன்.

"இல்லை," என்றாள் தங்கை. "சாகவில்லை. வெளியே இருக்கிறார். பிஸ்கட் சாப்பிடுகிறார்."

"ஏன் எல்லோரும் அவரைக் கொல்கிறீர்கள்?"

"எனக்குப் பயம். எனக்கு வேலை வேண்டும். என் கணவர் அங்கே. நான் இங்கே."

குட்டிக் குட்டி வாக்கியங்கள். ஆனால் அவளுடையவை. அந்த அம்மா விடாமல் கேட்டார். மாமா என்ன செய்கிறார், என்ன தைக்கிறார், உனக்கு முதலில் என்ன தைத்தார். அவள் சொன்னாள். பாவாடை, நீலம், நீளம் அதிகம், ஓடினேன், விழுந்தேன். வழியெல்லாம் முன்னால் நிற்கவேண்டிய சொற்களை விழுங்கினாள், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் பேசினாள். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒருமுறைகூட அவள் இப்படிப் பேசியதில்லை. நான் பேச விட்டதில்லை என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த அம்மா கேட்டார். "நீ போய்விட்டால் அவர் யாருடன் இருப்பார்?"

 தங்கை மூலையில் இருந்த என்னைக் கைகாட்டினாள்.

"என் அக்காவுடன். அக்கா எப்போதும் கோபம். ஆனால் அக்கா இருக்கிறாள்."

 அதில் 'உடன்' சரியாக வந்திருந்தது.

அவள் பாஸ் ஆனாள். மற்றவர்களுக்கெல்லாம் மீண்டும் தேர்வு என்று சொல்லிவிட்டார்கள். மாமாவை எலுமிச்சை மரத்தால் கொன்றவன் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் நின்று கத்தினான். நூத்துக்கு நூறு பின் வாசல் வழியாகப் போய்விட்டார். தங்கையை வழியனுப்பிவிட்டு வந்த வாரமே போர்டில் அவள் படம் ஏறிவிட்டது. 'எங்கள் பயிற்சியில் உச்ச மதிப்பெண்' என்று கீழே எழுதியிருந்தது. வெட்கம் என்ற சொல்லுக்கு ஸ்பானிஷிலும் அவருக்கு அர்த்தம் தெரியாது.

அதோடு விட்டாரா? என்னைக் கூப்பிட்டுப் புதிய பத்தியைக் காட்டினார். அதில் மாமா உயிரோடு இருந்தார். எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த பெஞ்சு வெளியே இருக்கிறது, எந்தப் பாக்கெட்டிலிருந்து பிஸ்கட் எடுக்கிறாரோ அந்தப் பாக்கெட் நான் வாங்கியது, இப்படியே போயிற்று.

"உயிரோட இருக்கற மாமாவுக்குத்தான் மார்க்கு மேடம். நான் ஸ்டடி பண்ணிட்டேன்," என்றார். "ஒரே ஒரு உதவி. தேர்வு அன்னிக்கு பெஞ்சுல யாராவது இருக்கணுமில்ல? உங்க மாமா சும்மாதானே இருக்காரு? டீ, பிஸ்கட், போக வர ஆட்டோ, எல்லாம் நம்ம செலவு."

அன்று நான் அவரிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது. தமிழிலேயே சொன்னேன், புரியவேண்டும் என்பதற்காக.

கொதிப்போடு வீட்டுக்கு வந்தேன். மாமா மெஷினில் ஊசி கோத்துக்கொண்டிருந்தார். சுவரில் குண்டூசியில் அந்தப் பழைய பத்தி இன்னும் தொங்கியது. நடந்ததையெல்லாம் கொட்டினேன். வாடகை மாமாவாக உங்களைக் கூப்பிடுகிறான் என்றேன். அவர் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தார்.

"எத்தனை மணிக்கு வரணுமாம்?"

"மாமா! மானம் ரோஷம் இல்லையா உங்களுக்கு? இத்தனை நாளும் உங்களை என்ன சொன்னாங்கன்னு தெரியுமா? முரியோன்னா நல்லவருன்னு அர்த்தம் இல்ல. செத்துட்டாருன்னு அர்த்தம்!"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். சுவரில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்க செத்துப் போயிருந்தாலும் பரவாயில்லம்மா. நாள் பூரா யாராவது மாமா மாமான்னு சொல்லிட்டிருந்தாங்க. இங்க உசுரோட உக்காந்திருக்கேன். நீ காலையில போனா ராத்திரி வர்ற, வந்தா அந்த ஆளைத் திட்டற, தூங்கிடற. சின்னவ இருந்தப்ப இந்த மெஷினைச் சுத்திச் சுத்தி ஒரு சத்தமாவது இருந்துது."

  அக்காவுடன் இருப்பார் என்று தங்கை தேர்வாளரிடம் சொல்லிவிட்டுப் போனதை, அந்த அம்மாவும் நம்பி மதிப்பெண் போட்டதை நினைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவரை என்னோடு அழைத்துக்கொண்டு போனேன். பெஞ்சுக்கு அல்ல, என் வகுப்புக்கு. நூத்துக்கு நூறு வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினார். மாமாவை முதல் வரிசையில் உட்கார வைத்து, 'நான் வாழும் வீடு' என்று ஸ்பானிஷில் சொல்லச் சொன்னேன். எல்லோரையும்போல 'இல்'லை விழுங்கினார். எல்லோரையும் திட்டுவதுபோல அவரையும் திட்டினேன். வகுப்பே சிரித்தது. மாமா அதைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்கிறேன் என்று எழுந்து நின்றார்.